கைப்பட்டை கட்டியவர்தான் தலைவரா?

மாணவர்களே, இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் பள்ளிக் காற்பந்துக் குழு 0–1 எனப் பின்தங்கியிருக்கிறது. ஆட்டம் முடிய இன்னும் 10 நிமிடம்தான். தவறு செய்து கோல் விழக் காரணமான தற்காப்பு ஆட்டக்காரர் தலைகுனிந்து நிற்கிறார். அவரிடம் முதலில் ஓடிப்போவது யார்? கையில் பட்டை கட்டிய குழுத் தலைவரா, வேறு ஒருவரா?

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுபோன்ற கேள்விகளை ஒன்பது வகைக் குழு விளையாட்டுகளைச் சேர்ந்த 4,451 ஆட்டக்காரர்களிடமும் பயிற்றுநர்களிடமும் கேட்டார்கள். முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. தலைமை என்பது ஒரே வேலை அல்ல, நான்கு வேலைகள் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

முதலாவது, ஆட்டத்தை வழிநடத்துவது. யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது முன்னேற வேண்டும் என்று திடலிலேயே சொல்பவர் இவர். மலேசியக் காற்பந்தில் ‘ஸ்பைடர்மேன்’ என்று புகழ்பெற்ற ஆர். ஆறுமுகம் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். மொத்தத் திடலும் கோல் காவலரின் கண்முன் இருக்கும். இந்த வேலைக்கு அது வசதியான இடம்.

இரண்டாவது, ஆட்டத்தின்போது ஊக்கம் கொடுப்பது. மூன்றாவது, திடலுக்கு வெளியே நட்பை வளர்ப்பது. புதிதாகச் சேர்ந்தவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடாமல் பார்த்துக்கொள்வது இதில் அடங்கும். நான்காவது, நிர்வாகத்திடமும் வெளியாரிடமும் குழுவின் சார்பில் பேசுவது.

இந்த நான்கில் ஒன்றில்கூடத் தங்கள் குழுத் தலைவர் முதன்மையானவர் அல்லர் என்று 44 விழுக்காட்டினர் கூறினார்கள்! அந்த வேலைகளைப் பெரும்பாலும் பட்டை இல்லாத மற்ற ஆட்டக்காரர்களே செய்துவந்தார்கள்.

சரி, ஒருவர் ஊக்கம் காட்டினால் மற்றவருக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது? உணர்ச்சிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடியவை. உலகக் கிண்ண, ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளின் பினால்டி உதைகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. கோல் அடித்தபின் இரு கைகளையும் விரித்துக் கொண்டாடியவரின் குழு இறுதியில் வெல்வது அதிகமாக இருந்தது. அடுத்து உதைக்க வந்த எதிரணியினர் தவறவிடுவதும் கூடுதலாக இருந்தது.

அதே 2010-இல், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துக் குழுக்களைப் பற்றிய மற்றோர் ஆய்வும் வெளியானது. பருவத்தின் தொடக்கத்தில் கைதட்டிக்கொள்வது, தோளைத் தட்டிக்கொடுப்பது போன்ற தொடுதல்கள் அதிகமாக இருந்த குழுக்கள் பின்னர் சிறப்பாக ஆடின.

இங்கே கொஞ்சம் கவனம் தேவை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தோளைத் தட்டினால் மட்டும் கோல் விழாது. ஆனாலும், ஒருவரின் முகமும் உடலசைவும் பக்கத்தில் இருப்பவரைப் பாதிக்கும் என்ற கருத்துக்கு இவை வலுச் சேர்க்கின்றன.

இந்த ஆண்டு உங்களைக் குழுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று வருத்தமா? நான்கு வேலைகளில் உங்களுக்கு இயல்பாக வருவதைச் செய்யத் தொடங்குங்கள். நீங்கள்தான் தலைவரா? நான்கையும் தனியாகச் சுமக்காதீர்கள். பேச்சு வராவிட்டால் பேசக்கூடியவரை அழையுங்கள்.

அடுத்த பயிற்சியில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஆளுக்கொரு தாளில் நான்கு வேலைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருத்தமான ஒருவரின் பெயரை, ஒருவருக்கொருவர் காட்டாமல் குறிக்கச் சொல்லுங்கள். தாள்களைப் பயிற்றுநரிடம் கொடுங்கள். எந்த வேலைக்கு எதிரே அதிகத் தாள்களில் பெயர் இல்லையோ, அந்த வேலைக்குத்தான் உங்கள் குழுவில் ஆள் தேவை.