ஜொகூரில் வீடு, சென்னையில் வேலை

கணவருக்கு மலேசியாவின் ஜொகூரில், இஸ்கந்தர் புத்ரியில் வேலை கிடைக்கிறது. சென்னையில் ஐடி வேலையை விட மனமில்லாத மனைவி, மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு லாப்டாப்போடு கூடவே வந்துவிடுகிறார். சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில் விழுகிறது, டிடிஎஸ்ஸும் பிடித்துவிடுகிறார்கள். “இங்கே ஒரு காசு வாங்கவில்லையே, எனக்கு எதற்கு பெர்மிட், எதற்கு வரி?” என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

முதலில் பெர்மிட். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் கிடைக்கும் 30 நாள் விசா விலக்கு ஊர் பார்க்க வருவோருக்கானது. கணவரைச் சார்ந்து வாங்கும் பாஸும் தானாக வேலை உரிமை தராது. பாஸ் நிபந்தனையை மீறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல் வரை போகலாம். கணவரின் வேலையும் ஆட்டம் காணும். நேர்வழி, மலேசிய அரசின் டிஜிட்டல் பொருளாதார நிறுவனமான எம்டெக் 2022-இல் கொண்டுவந்த ‘டிஇ ரந்தாவ்’ பாஸ். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிருந்து வேலை செய்வதற்கென்றே உள்ளது இது; 12 மாதம் வரை தருவார்கள், நீட்டிக்கலாம். ஐடி துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர் வேண்டும், அதாவது இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். இளநிலைச் சம்பளக்காரர்களுக்கு இந்தக் கதவு திறக்காது என்பதுதான் வருத்தம்.

அடுத்தது வரி. பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதல்ல, வேலை எங்கே நடக்கிறது என்பதே மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டத்துக்கு முக்கியம். ஜொகூர் வீட்டு மேசையில் செய்த வேலைக்கான சம்பளம் மலேசிய வருமானம். வெளிநாட்டு வருமானத்துக்கு 2036 இறுதிவரை விலக்கு உண்டே என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். அது இதற்குப் பொருந்தாது. சிங்கப்பூர் கம்பெனிக்கு ஜொகூர் பாரு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உள்ளூர்த் தமிழர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நாள் கணக்கு இங்கே உயிர்நாடி. காலண்டர் ஆண்டில் 182 நாள் இருந்தால் வசிப்பவருக்கான படிநிலை வரி. இல்லாவிட்டால் பொதுவாக 30 விழுக்காடு. ஆகஸ்ட்டில் வந்தவருக்கு அந்த ஆண்டில் 182 நாள் தேறாது. ஆனால் அடுத்த ஆண்டும் தொடர்ந்து தங்கினால் இரண்டையும் இணைத்துக் கணக்கிட வழியிருக்கிறது. காலையில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் இரவு திரும்பினால் அந்த நாளும் மலேசிய நாளே. ஆட்டோகேட்டில் முத்திரை விழாது என்பதால் போய்வந்த தேதிகளை நீங்களே குறித்து வையுங்கள்.

இரட்டை வரிக்கு நிவாரணம் உண்டு. இந்தியாவும் மலேசியாவும் 2012-இல் ஒப்பந்தம் செய்திருக்கின்றன; குறுகிய காலம் தங்குவோருக்கு அதில் விலக்கும் இருக்கிறது. மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி இந்தியக் கணக்குத் தாக்கலில் காட்ட வேண்டும். சம்பளம் நேரே இந்தியக் கணக்கில் விழுவது இந்தியாவிலும் வரிக் கேள்வி எழுப்பும்; ஆகவே இரு நாட்டு விதியும் தெரிந்த கணக்காளரைப் பாருங்கள்.

கம்பெனியின் அனுமதியை மின்னஞ்சலில் வாங்குங்கள். இந்திய மருத்துவக் காப்பீடு இங்குள்ள மருத்துவமனையில் செல்லுமா என்பதையும் அதிலேயே கேளுங்கள். ஏற்கெனவே சில மாதம் பாஸ் இல்லாமல் வேலை செய்துவிட்டவர்கள், குடிநுழைவுத் துறைக்குப் போகுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். வரி பாக்கியை நோட்டீஸ் வருமுன் தானாக முன்வந்து சொன்னால் அபராதம் குறைய வாய்ப்புண்டு.