பூட்டிய படிவமும் மாறிய எழுத்தும்

மன்ற அழைப்பிதழ், சான்றிதழ், விண்ணப்பப் படிவம் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச்சுச் செய்வதில்லை. ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பெயரையும் திகதியையும் மட்டும் நிரப்புகிறோம். இந்த மாதிரியே வார்ப்புரு எனப்படுகிறது. வாசகங்களை எவரும் மாற்றாதிருக்க, மைக்ரோசொப்ட் வேர்ட்டில் அதைப் பூட்டியும் வைக்கலாம். கொட்டாஞ்சேனை வீடொன்றில் பூட்டிய வார்ப்புரு, வெள்ளவத்தைக் கடையொன்றின் கணினியில் அப்படியே திறக்குமா? அது மூன்று விடயங்களைப் பொறுத்தது.

முதலாவது, கோப்பின் வகை. 2003 வரையான வேர்ட் பதிப்புகள் வார்ப்புருவை 'டொட்' வகையில் சேமித்தன. 2007 பதிப்பு 'டொட்எக்ஸ்' என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. புதியதைப் பழைய வகைக்கு மாற்றிச் சேமித்தால், 2007இல் அறிமுகமான நிரப்பும் கட்டங்கள் வெறும் எழுத்தாகிவிடும். பழைய பதிப்புகளுக்கும் அனுப்புவதாயின் பழைய வகைக் கட்டங்களையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, பூட்டு. நிரப்ப மட்டும் அனுமதிக்கும் பூட்டு, வாசகம் தவறுதலாக மாறுவதைத் தடுக்குமே தவிர, எதையும் மறைக்காது. இரகசியமான கோப்பாயின், திறப்பதற்கே தனிக் கடவுச்சொல் இட வேண்டும்.

மூன்றாவது, எழுத்துரு. தமிழில் எழுதும் நமக்கு இதுவே பெரிய சிக்கல். நம் நாட்டில் பரவலாகப் பயன்பட்ட பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் அணிவிப்பது. அது இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பூட்டிய படிவத்தின் வாசகத்துக்கு வேறு எழுத்துருவும் இட முடியாது. காவலுக்கு இட்ட பூட்டே திருத்த வருபவரையும் தடுக்கிறது. வாசிக்க முடியாத தமிழ்ப் படிவத்தைப் பெற்றவர் அடுத்ததாக ஆங்கிலப் படிவத்தைத்தான் எடுப்பார்.

யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் உண்டு. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. 2008இல் வெளியான எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரமும் யுனிகோட்டையே பின்பற்றுகிறது. ஆகவே படிவத்தை முதலில் யுனிகோட்டில் எழுதி, பின்னரே பூட்டுவோம். பகிர முன் இன்னொரு கணினியில் திறந்து பார்ப்போம்.

மன்றச் செயலாளர்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள். பூட்டாத பிரதியொன்றையும் கடவுச்சொல்லையும் பொறுப்பாசிரியையிடம் ஒப்படைத்தால், அடுத்து வருபவர் படிவத்தை முதலிலிருந்து தட்டச்சுச் செய்ய வேண்டியிராது.