அணையில்லாத வியோசா

ரயில்வேயில் பாலப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆறு என்றால் எங்களுக்குத் தூணடியை அரிக்கும் எதிரி. மத்தியதரைக் கடல் நாடான அல்பேனியாவின் வியோசா ஆற்றைப் பற்றிப் படித்தபின் அந்த எண்ணம் சற்று மாறியது.

கிரீஸின் பிண்டஸ் மலையில் பிறக்கும் இந்த ஆறு, அல்பேனியாவுக்குள் சுமார் 190 கிலோமீட்டர் அணையின்றி ஓடிக் கடலில் கலக்கிறது. ஒவ்வொரு வெள்ளமும் சரளைத் திட்டுகளைக் கலைத்துப் புதிதாக அமைக்கும். அத்திட்டுகளில் பறவைகள் முட்டையிடுகின்றன. கடலிலிருந்து விலாங்கு மீன் ஏறி வருகிறது. இப்பள்ளத்தாக்கில் 1,100க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பதிவாகியுள்ளன.

அணை தண்ணீரை மட்டுமா தடுக்கும்? சரளையையும் வண்டலையும் தேக்கிவிடும். சுமையிழந்த நீர் கீழே தன் படுகையையே தோண்டும். அணைக்குக் கீழுள்ள பாலங்களில் அடித்தளம் வெளியே தெரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

கலிவாச்சில் 2007இல் தொடங்கிய அணை பாதியில் நின்றது. போச்செம் அணையை எதிர்த்து ஊர்மக்களும் வழக்காடினர், 2017இல் வென்றனர். 2023 மார்ச்சில் துணையாறுகளோடு 12,727 ஹெக்டேர் தேசியப் பூங்காவாயிற்று.

ஆனால் துணையாறான ஷுஷிட்சாவின் நீரைக் கடற்கரை ஊர்களுக்குக் குழாயில் கொண்டுபோகத் திட்டம் வந்தது. கோடையில் ஆற்றுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் யாராவது கணக்கிட்டார்களா?