போறணைக் கோழி: கமக்காரர் இல்லத்து வேலைநாள் இராவுணவு

நாற்று நடுகையும் களையெடுப்பும் மும்முரமாக நடைபெறும் நாட்களிலே கமக்காரர் வீடுகளில் இராவுணவு கடைசி வேலையாகிவிடுகின்றது. பொழுது சாய வயலிலிருந்து திரும்பும் பெண், கால் கழுவிய ஈரம் காயுமுன்னரே அடுப்படியில் நிற்க வேண்டியவளாகின்றாள். கோழிக்கறியாயின் வெங்காயம் அரிதல், தேங்காய் துருவிப் பால் பிழிதல், அடிபிடியாது கிளறுதல் என ஒன்றன்பின் ஒன்றாக வேலை நீளும். ஆதலாற்றான் வளவிலே கோழி நின்றும், பையிலே பணம் இருந்தும், கோழியிறைச்சி ஞாயிற்றுக்கிழமைக்கென ஒத்திவைக்கப்படுகின்றது. உழைப்பு மிகுந்த நாட்களிலேயே புரதச் சத்துள்ள உணவு குறைந்துபோவது கமக்குடும்பத்துக்கு நன்றன்று.

கோழியைப் போறணையிலிட்டுச் சுடும் முறை இவ்விடரைப் பெரிதுங் குறைக்கும். கைவேலை 15 நிமிடத்துக்கு மேற்படாது. எஞ்சிய முக்கால் மணி நேரமும் வெப்பமே வேலை செய்யும். அந்நேரத்திலே குளிக்கலாம், மாட்டைக் கட்டலாம், பிள்ளைகளின் பாடத்தைப் பார்க்கலாம். இறைச்சியும் மரக்கறியும் ஒரே தட்டில் வேகுமாதலின் கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும்.

போறணை என்றவுடன் அது பாண் சுடும் இடத்துக்கும் பட்டணத்து வீடுகளுக்கும் உரியதென்று எண்ணுவோர் உளர். அச்சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததாயினும், அத்தொழில் நம் வீடுகளுக்குப் புதியதன்று. மின்சாரம் எட்டாத காலத்திலும் மேலுங் கீழுந் தணலிட்டுக் கேக் சுட்ட வீடுகள் பல. கேக்குக்கு ஏற்ற அவ்வெப்பம் கோழிக்கும் ஏற்றதே.

இன்று பல வீடுகளில் மேசை மேல் வைக்கும் சிறிய மின்போறணை உண்டு. மின்கட்டணத்துக்கு அஞ்சி அதனை மூடிவைத்திருப்போர் கணக்கைப் பார்த்தல் நன்று. 1,500 வாற்று வலுவுள்ள போறணை இடையறாது ஒரு மணி நேரம் இயங்கினால் ஒன்றரை அலகு மின்சாரமே செலவாகும். வேண்டிய வெப்பத்தை அடைந்தபின் அது இடையிடையே தானே நின்று இயங்குமாதலால் உண்மைச் செலவு அதனினுங் குறைவாகும்.

மின்போறணை இல்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டிலே சமையல் எரிவாயு கிடையாது மக்கள் வரிசையில் நின்றபோது, விறகையும் சிரட்டையையும் மறவாதிருந்த வீடுகளிலே அடுப்பு அணையவில்லை. தடித்த அடியுள்ள பெரிய பாத்திரமொன்றை எடுத்து, அதனுள்ளே இரு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டுத் தாங்கி ஒன்றை வைத்து, உலோக மூடியால் மூடி அடுப்பிலேற்ற வேண்டும். சிரட்டைத் தணலில் இரண்டு பங்கு மூடியின்மேலும் ஒரு பங்கு அடியிலும் இருத்தல் வேண்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்து, அடி கருகி மேல் வெளிறிய இறைச்சியைப் பெற்று, முறையைக் குறைகூறுவர். வெப்பத்தை அறியப் பழைய சோதனை ஒன்று உண்டு. சிறு தட்டிலே ஒரு தேக்கரண்டி கோதுமை மாவைப் பரப்பி உள்ளே வைத்து, 5 நிமிடங் கழித்துப் பார்க்க வேண்டும். மா பொன்னிறமடைந்திருந்தால் வெப்பம் ஏற்றது. கருஞ்சிவப்பானால் மேலிருக்கும் தணலிற் சிறிது நீக்கப்பட வேண்டும். வெண்மை மாறாதிருந்தால் இன்னுஞ் சிறிது தணல் வேண்டும். தணலடுப்பைக் கதவு சாத்திய அறையினுள் வைத்தல் ஆகாது. கரிப்புகையிலுள்ள நச்சு வாயு நிறமும் மணமும் அற்றது. உயிருக்கு இறுதி விளைக்க வல்லது.

இனி, எக்கோழி என்பதே தலையாய கேள்வி. போறணைச் சமையலிற் காணப்படும் தவறுகளிற் பாதி, கோழியைத் தெரிவதிலேயே நேர்கின்றன. கடையில் விற்கும் இறைச்சிக்கோழி ஏறத்தாழ ஆறு வாரத்தில் அறுக்கப்படுவது. அதன் தசை இளையது. உலர்ந்த வெப்பத்திலே விரைவில் வேகும். முட்டையிட்டு ஓய்ந்த பேட்டின் நிலை வேறு. வயதேற ஏற அதன் தசைகளைப் பிணைக்கும் நார் உறுதியடைகின்றது. அந்நார் ஈரமும் நீண்ட நேரமும் இருந்தாலன்றிக் கரையாது. ஓய்ந்த பேட்டை இளங்கோழி போலத் தட்டிலே பரப்பிச் சுட்டால், பல்லுக்குப் பகையான பண்டமே கிடைக்கும். வளவில் வளர்ந்த ஊர்க்கோழிச் சேவலும் இளையதாயிருந்தாலன்றி இவ்வாறு சுடுவதற்கு ஏற்றதன்று.

கடையில் வாங்குவோர் கறிக்கு வெட்டுவது போலச் சிறு துண்டுகளாக வெட்டுவித்தல் கூடாது. சிறு துண்டுகள் போறணையில் நீர்வற்றி வறளும். தொடையும் காலும் பிரியாத பெருந்துண்டுகளே சிறந்தவை. நெஞ்சுப் பகுதியிற் கொழுப்புக் குறைவு. அதனையும் சேர்ப்பதாயின் ஏனைய துண்டுகளுக்குப் பத்து நிமிடம் முன்னதாக வெளியே எடுத்துவிடல் வேண்டும்.

ஐவர் உண்ண ஒரு கிலோ தொடைத்துண்டும், அரைக்கிலோ உருளைக்கிழங்கும், கால்கிலோ கரட்டும், கையளவு சின்ன வெங்காயமும், தோல் நீக்காத உள்ளிப்பற்கள் பத்தும் போதுமானவை. இறைச்சிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி வறுத்த கறித்தூள், மூன்று மேசைக்கரண்டி தயிர் என்பவற்றைக் கலந்து பூசுக. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் இதனை முதல்நாள் இரவே செய்து மூடிவைத்தல் மிக நன்று. உப்பு முதலில் நீரை வெளியே இழுத்துப் பின்னர் அந்நீரோடு தசையினுட் செல்லும். சுவையும் மென்மையும் மிகும். தேசிக்காய்ப் புளியை மட்டும் முதல்நாளே சேர்த்தல் வேண்டாம். புளியில் நெடுநேரம் ஊறிய இறைச்சியின் மேற்புறம் மாப்போலாகிவிடும். அது உண்ணும்போது பிழியத்தக்கது.

தயிர் வெறும் சுவைக்காக மட்டுமன்று. நம் கறித்தூள் முன்பே வறுக்கப்பட்டது. அதனை எண்ணெயிற் குழைத்து மேலே தடவிச் சுட்டால் இறைச்சி வேகுமுன்னரே தூள் கருகிக் கைக்கும். தயிரோ கெட்டித் தேங்காய்ப்பாலோ சேரும்போது அத்தூள் ஈரத்தினுள் ஒடுங்கிக் காக்கப்படுகின்றது. பிறநாட்டு முறைகளை அவ்வாறே பின்பற்றி, நம் தூளை வெறுமனே தூவிச் சுட்டு ஏமாந்தோர் பலர்.

கிழங்கையும் கரட்டையும் இரு விரற்கடைத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் அரைத் தேக்கரண்டி உப்பும் கறிவேப்பிலையுங் கலந்து தட்டின் அடியிற் பரப்ப வேண்டும். அவற்றின்மேல் இறைச்சி, தோல் மேல்நோக்கியிருக்க, ஒன்றோடொன்று நெருங்காதவாறு வைக்கப்படும். நெருங்கி அடுக்கினால் இறைச்சி தன் ஆவியில் அவியுமேயன்றிச் சுடாது. முன்கூட்டியே சூடேறிய 200 பாகை செல்சியசுப் போறணையிலே 45 முதல் 50 நிமிடம் செல்லும். அரைமணி கழிந்ததும் தட்டை ஒருமுறை வெளியே எடுத்து மரக்கறியைப் புரட்டி, போஞ்சியோ கறிமிளகாயோ தக்காளியோ இருப்பின் அப்போது சேர்த்தல் தகும். இவற்றைத் தொடக்கத்திலேயே இட்டால் குழைந்து உருவிழக்கும். பூசணித் துண்டும் வத்தாளங்கிழங்கும் உருளைக்கிழங்கின் இடத்தை நன்கு நிரப்பும். பூசணி சற்றுப் பின்னர் இடப்படுதல் வேண்டும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு இங்கே ஒரு தனி நயம் உண்டு. கவர்விட்ட கரட், வெடித்த தக்காளி, கோலிக்குண்டளவான கிழங்கு ஆகியவற்றைச் சந்தையிலே வியாபாரி ஒதுக்கிவிடுவார். தட்டிலே வெந்தபின் நேரான கரட்டுக்கும் கவர்விட்டதற்கும் வேறுபாடு காண இயலாது. சிறு கிழங்குகளைத் தோலோடு முழுதாக இடலாம். வெட்டும் வேலையும் மிச்சம். ஆயினும் வெயில் பட்டுப் பச்சை நிறமேறிய கிழங்கை இதற்கும் பயன்படுத்தல் ஆகாது. அதிலுள்ள நஞ்சு சமையல் வெப்பத்தால் அழியாது. பீடைநாசினி தெளித்த பாத்தியிலே, மருந்தின் சுட்டியிற் குறித்த நாட்கள் கழியுமுன் வீட்டுக்கெனப் பறித்தலுந் தவறு. விற்பனைக்கு ஒரு சட்டமும் வீட்டுக்கு ஒரு சட்டமும் இல்லை. மருந்து கொடுக்கப்பட்ட கோழிக்கும் இவ்விதியே பொருந்தும்.

வெந்ததோ இல்லையோ என்பதை நிறங்கொண்டு துணிதல் தவறாகும். மேற்றோல் சிவந்திருக்க உள்ளே வேகாதிருப்பதுண்டு. மாறாக, நன்கு வெந்த இளங்கோழியிலும் எலும்பினின்று கசியும் நிறத்தால் அதனருகே இளஞ்சிவப்புத் தோன்றுவதுண்டு. இறைச்சியின் தடித்த இடத்தில், எலும்பிற் படாது, வெப்பமானியைச் செருகிப் பார்க்கும்போது 74 பாகை செல்சியசு காணப்பட வேண்டும். நோய்க்கிருமிகள் அவ்வெப்பத்தில் அழியும். தொடைப்பகுதி 80 பாகையைத் தாண்டினால் இன்னும் மென்மையாகும். வெப்பமானி இல்லாதோர் தொடை மூட்டினருகே கத்தியைச் செருகுக. வடியும் நீர் தெளிந்திருந்து, மூட்டும் இலகுவிற் கழலுமாயின் எடுக்கலாம். ஐயமிருப்பின் இன்னும் பத்து நிமிடம் வைத்தலாற் கெடுதி யாதுமில்லை. எடுத்தவுடன் வெட்டாது ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும்.

பச்சைக் கோழியைக் குழாயின்கீழ் பிடித்துக் கழுவும் வழக்கம் எங்கும் உண்டு. அங்ஙனங் கழுவுவதாற் கிருமி ஒழிவதில்லை. தெறிக்கும் நீரோடு அருகிலுள்ள கோப்பைக்கும் கீரைக்கும் பரவுகின்றது. கடையிற் சுத்தஞ் செய்யப்பட்ட இறைச்சியைக் கழுவ வேண்டியதில்லை. வீட்டிலே அறுத்த கோழியைச் சமையலிடத்துக்கு அப்பால் வைத்துச் சுத்தஞ் செய்து, கையையும் பலகையையும் கத்தியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கட்டாயம். அறுத்த கோழி ஓரிரு மணியில் விறைப்படையும். அந்நிலையிற் சமைத்தால் இளங்கோழியும் கடினமாகும். ஆதலால் மாலையில் அறுத்து, குளிர்சாதனப் பெட்டியிலே இரவு முழுதும் வைத்து, மறுநாட் சமைத்தல் நன்று.

ஓய்ந்த பேட்டைக் குறைந்த விலைக்குக் கைவிடுவோர் அதன் இறைச்சியின் அருமையை அறியார். சுவையிலே இளங்கோழி அதற்கு ஈடாகாது, வேண்டியது பொறுமையொன்றே. துண்டுகளை மூடியுள்ள கனத்த சட்டியிலிட்டு, வெங்காயம், தக்காளி, இஞ்சி, உள்ளி, கறித்தூள், உப்பு, இரண்டு கோப்பை இரண்டாம் பால் சேர்த்து, மூடியை நெருக்கமாக இட்டு, 160 பாகையிலே இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைத்தல் வேண்டும். நார் கரைந்து குழம்பு தானே தடிப்பாகும். முதற்பால் கடைசியிற் சேரும். மூன்று மணி நேரம் வேலைநாளுக்கு ஒவ்வாதெனத் தோன்றலாம். ஆயினும் நெல் அவிக்கும் நாளிலும், வீட்டிலிருந்து வெங்காயம் பிடுங்கிக் கட்டும் நாளிலும் சட்டியைத் தணலில் வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். மணிக்கொருமுறை தணலையும் நீரையும் பார்ப்பதன்றி வேறு பணி இல்லை. அதனை வளர்ந்த பிள்ளையும் செய்யும், வீட்டுக்காரருஞ் செய்யலாம்.

தட்டின் அடியில் ஊறி நிற்கும் சாற்றை ஊற்றிவிடுதல் பெருநட்டம். குரக்கன் புட்டுக்கோ அரிசிமாப் புட்டுக்கோ அதனைவிடச் சிறந்த துணை அரிது. இடியப்பத்துக்காயின் அச்சாற்றிலே சிறிது தேங்காய்ப்பால் சேர்த்து ஒரு கொதி வைத்தால் சொதியின் வேலையையுஞ் செய்யும்.

மீந்த இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தல் கூடாது. நம் நாட்டு வெப்பத்திலே, முக்கியமாகச் சிறுபோகக் காலத்திலே, அதற்கு முன்னரே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் நன்று. மறுநாள் ஒருமுறை மட்டும், ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும், வெள்ளிக்கிழமை மச்சம் உண்ணாத வீட்டில் வியாழன் இரவிலும், ஆளுக்கு ஒரு துண்டெனக் கணக்கிட்டுச் சுடுதலே தகும். எஞ்சும் எலும்புகளை அன்றிரவே மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டு அடங்கிய தணலின்மேல் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், படுக்குமுன் ஆளுக்கொரு கோப்பை இரசம் கிடைக்கும்.