கடையும் ஒரு வாயில்

சொற்களுட் சில இருமுகம் உடையன. 'கடை' என்பது அவற்றுள் ஒன்று. கடை என்றால் இறுதி. கடை என்றால் இழிவு. கடை என்றால் வாயிலும் ஆம். தலைக்கடை, புறங்கடை என்னுஞ் சொற்களை மாணாக்கர் அறிவர். இப்பொருள்களையெல்லாம் முப்பது ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லி வருகிறேன். சொல்லி வந்தேனேயன்றி, இறுதியும் வாயிலும் ஒரே சொல்லிற் குடியிருப்பது ஏன் என்று சிந்தித்தேனல்லேன். என்னைச் சிந்திக்க வைத்தது ஓர் உதைபந்தாட்டம்; அதுவும் பெண்கள் ஆடிய உதைபந்தாட்டம்.

நகைக்க வேண்டா. நடந்ததைச் சொல்லுகிறேன்.

2025 ஆம் ஆண்டு நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு நன்னூல் வகுப்பு. மாணவி ஒருத்தி ஒன்பது மணியளவில் வந்து வாசலில் நின்றாள். கடைசி வாங்கில் இருப்பவள். தவணைப் பரீட்சை வரிசையிலும் கடைசி.

"ஏன் பிள்ளை பிந்தினாய்?"

"இறுதியாட்டம் பார்த்தேன் ஐயா. அமெரிக்காவிலே பெண்களின் உதைபந்தாட்டம். மாமா நியூ ஜேர்சியில் இருக்கிறார். அந்த ஊர் அணி வென்றுவிட்டது."

பொய் சொல்லாதது ஒரு குணம். அதற்காகக் கோபத்தைச் சிறிது குறைத்துக்கொண்டேன். "அவ்வளவு பெரிய அணியோ?" என்றேன்.

"இல்லை ஐயா. வரிசையில் எட்டாவதாக வந்த அணி."

"எட்டாவது முதலாவதாவது எந்த ஊர் நியாயம்?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எட்டாவதுக்கும் வாசல் திறந்திருந்தது ஐயா" என்றாள்.

அவளை இருக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பாடம் ஓடவில்லை. 'வாசல்' என்று அவள் சொன்ன சொல் உள்ளே நின்றுகொண்டது. அன்று மாலையே அந்த வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். பல நாள் தேடினேன். தேடிக் கண்டதை ஈண்டுத் தருகின்றேன்.

முதலில் முறைமையைச் சொல்லவேண்டும். எங்கள் நாட்டிலே லீக் ஆட்டம் என்றால், எல்லா அணியும் ஒன்றோடொன்று ஆடும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. ஈற்றில் யாருக்குப் புள்ளி மிகுதியோ அவர் வென்றவர். அமெரிக்கர் அவ்வளவில் நிற்பதில்லை. பல மாதம் ஆடி ஒரு வரிசை வகுப்பர். அவ்வரிசையில் மேலுள்ள சில அணிகளை மாத்திரம் எடுத்து, தோற்றவர் விலகும் சுற்று ஒன்றை நடத்துவர். அச்சுற்றின் இறுதியில் நிற்பவரே அவ்வாண்டின் வாகையர். எனவே, பருவத்தின் பிற்பகுதியிலே முதலிடத்துக்கு நடக்கும் போட்டியைக் காட்டிலும் கடைசி இடத்துக்கு நடக்கும் போட்டியே கடுமையானது. அந்த இடம் கிடைத்தால் உள்ளே, இல்லையேல் வெளியே.

அமெரிக்காவிலே பெண்கள் உதைபந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டு ஆடிய முதல் லீக் 2001 இல் தொடங்கியது. மூன்று பருவத்தோடு 2003 இல் முடிந்தது. இரண்டாவது லீக் 2009 இல் தொடங்கியது. அம்முதற் பருவத்தில் ஏழு அணிகள்; ஒவ்வோர் அணிக்கும் இருபது ஆட்டங்கள். முதல் நான்கு அணிகளுக்கு அடுத்த சுற்றில் இடம்.

பருவம் முடிந்தபொழுது வரிசை இவ்வாறு இருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் 41 புள்ளி. சென்ற் லூயிஸ் 34. வொஷிங்டன் 29. நான்காவது, நியூ ஜேர்சியின் ஸ்கை புளூ அணி, 26. ஐந்தாவது பொஸ்ரன், 25. ஒரே ஒரு புள்ளி! அந்த ஒரு புள்ளியிலே ஓர் அணி உள்ளே போயிற்று. மற்றோர் அணி வீடு திரும்பியது. உள்ளே போன அணி சிறந்த அணியும் அன்று. இருபது ஆட்டத்தில் அது வென்றவை ஏழு, தோற்றவை எட்டு, சமநிலை ஐந்து. வெற்றியிலுந் தோல்வியே மிகுதி. எங்கோ ஒருநாள் தோற்காமற் பிடித்து நின்ற ஒரு சமநிலை, அன்று யாரும் மதியாத ஒரு புள்ளி, அதுவே கதவைத் திறந்தது.

அந்த அணியின் உள்வீட்டு நிலைமையோ இரங்கத்தக்கது. ஒரே பருவத்தில் மூன்று பயிற்றுநர். பருவத்தின் தொடக்கத்திலேயே முதல்வர் நீக்கப்பட்டார். இரண்டாமவர் பருவம் முடியுந் தறுவாயில் விலகினார். மூன்றாமவராக வெளியிலிருந்து ஒருவரை அழைக்க நேரமில்லை. அணித்தலைவியாகிய கிறிஸ்ரி றம்போன் என்பவரையே பயிற்றுநராகவும் இருக்கச் செய்தனர். அப்பொழுது அவருக்கு வயது 34. காப்பு வரிசையில் ஆடுபவர். அமெரிக்க நாட்டு அணிக்குந் தலைவி. வீட்டில் நான்கு வயது நிரம்பாத பெண் குழந்தை.

சுற்றின் அமைப்பும் கடைசி அணிக்குப் பகையாகவே இருந்தது. நான்காவது அணி மூன்றாவது அணியின் களத்துக்குப் போய் ஆடவேண்டும். வென்றால் இரண்டாவது அணியின் களத்துக்குப் போகவேண்டும். அங்கும் வென்றால் முதல் அணியின் களம். முதல் அணியோ அதுவரை இளைப்பாறிக் காத்திருக்கும். ஒவ்வொரு படியும் பிறர் வீட்டுப் படி.

ஆகஸ்ட் 15 ஆம் திகதி, மேரிலாந்து. வொஷிங்டன் அணியை 2 - 1 என வென்றனர். ஆகஸ்ட் 19, சென்ற் லூயிஸ். 1 - 0. ஆகஸ்ட் 22, கலிபோர்னியாவிலே கார்சன் என்னும் நகர். எட்டு நாளில் மூன்று ஆட்டம். கீழ்க்கடற்கரையிலிருந்து மேல்கடற்கரை வரை ஒரு நாட்டின் முழு அகலம்.

எதிரே நின்ற லொஸ் ஏஞ்சல்ஸ் அணி இருபது ஆட்டத்தில் மூன்றில் மாத்திரமே தோற்றது. அதன் முன்வரிசையில் பிறேசில் நாட்டு மார்த்தா. 2006, 2007, 2008 ஆகிய மூவாண்டும் உலகின் தலைசிறந்த வீராங்கனை எனப் பட்டம் பெற்றவர். அந்த லீக்கிலும் மிகுதியாகக் கோல் அடித்தவர். அவரைத் தடுக்கும் காப்பு வரிசைக்குத் தலைமை தாங்கியவர் றம்போன். முதற்பாதியிலே ஹெதர் ஓறெய்லி ஒரு கோல் அடித்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் அணியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய பத்துப் பேரும் சளைக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு கோல் கடைசிவரை நிலைத்தது. 1 - 0. நான்காவதாக வந்த அணி வாகை சூடியது.

பின்னர் வெளியான செய்தி ஒன்று உண்டு. அந்த இறுதியாட்டத்தை ஆடியபொழுது றம்போன் ஏறத்தாழப் பதினொரு வாரக் கருவைச் சுமந்திருந்தார். அணியினருக்கு அதனை அவர் சொல்லவில்லை. 2010 மார்ச் மாதத்தில் அவருக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது.

இதனைக் கேட்டவுடனே தாய்மையைப் புகழ்ந்து நான்கு விருத்தம் பாட ஏட்டை எடுப்பார் உளர். எடுத்தவருள் நானும் ஒருவன். எழுதாமலே வைத்துவிட்டேன். புகழ்ச்சியை வேண்டியிருந்தால் அவர் முன்னரே சொல்லியிருப்பார். அன்று அவர் வேண்டியது வேறு. தலைவி, பயிற்றுநர், காப்பாளர் ஆகிய மூன்று வேலையையும் குறைவின்றிச் செய்து முடிப்பது ஒன்றே அவர் வேண்டியது. அது தொழிலாளி ஒருவரின் அறம். விருத்தத்தினும் அது பெரிது.

இனி, நியாயம் என்ன என்ற கேள்விக்கு வருவோம். இருபது ஆட்டத்தில் 41 புள்ளி பெற்றவர் ஓர் ஆட்டத்தில் தோற்று இரண்டாமவராவது நியாயமா? நான் முதலில் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கமே நின்றேன். அவர்கள் நிலைமையை மேலும் அறிந்தபொழுது இரக்கம் கூடியது. அடுத்த ஜனவரி மாதத்திலேயே அந்த அணி கலைக்கப்பட்டது. வரிசையில் முதலாவது, உலகின் முதல் வீராங்கனை, ஆயினும் ஓராண்டுக்கு மேல் உயிர் இல்லை. அந்த லீக்கும் 2012 இல் முடிந்தது. முதலிடமும் நிலையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

2013 இல் மூன்றாவது லீக் தொடங்கியது. அது நிலைத்தது. ஸ்கை புளூ அணியும் அதிற் சேர்ந்தது. சேர்ந்து பட்ட பாடு சிறிதன்று. 2018 இல் இருபத்துநான்கு ஆட்டத்தில் ஒன்றையே வென்றது. தங்குமிடமும் பயிற்சியிடமும் சீரில்லை என்ற முறைப்பாடும் அவ்வாண்டு வெளிவந்தது. 2021 இல் கொத்தம் என்று பெயர் மாறியது. பெயர் மாறியும் விதி மாறவில்லை. 2022 இல் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவது. அதற்கப்பாற் கீழே இறங்க இடமில்லை.

மறு ஆண்டு, 2023. அடுத்த சுற்றுக்கு ஆறு அணி, கொத்தம் ஆறாவது. மீண்டும் கடைசி ஆளாக உள்ளே நுழைந்தது. நவம்பர் 11 ஆம் திகதி இறுதியாட்டத்தில் 2 - 1 என முந்தி நிற்கையில், மேலதிக நேரத்திலே அதன் கோல்காப்பாளர் சிவப்பு அட்டை பெற்றார். மாற்றாள் இறக்கும் வாய்ப்பும் தீர்ந்துவிட்டது. நடுவரிசையில் ஆடிய நீலி மார்ட்டின் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு கோல் வாயிலில் நின்றார். அவருக்கு அது பழகிய இடமன்று. ஆயினும் யாராவது அங்கே நிற்கவேண்டும், நின்றார். எதிரணியின் உதை தடுக்கப்பட்டது. கொத்தம் வென்றது.

2025 இல் பதினான்கு அணிகள், எட்டு அணிக்கு இடம், கொத்தம் எட்டாவது. முதல் ஆட்டமே கன்சாஸ் நகர அணியோடு. 65 புள்ளியோடு லீக்கிற் புதிய சாதனை படைத்த அணி அது. கூடுதல் நேரம்வரை ஆடி 2 - 1 என வென்றனர். அடுத்து, முன்னை ஆண்டின் வாகையராகிய ஒர்லாண்டோ. 1 - 0. இறுதியில் வொஷிங்டன்; 80 ஆவது நிமிடத்தில் றோஸ் லவெல் அடித்த கோலால் 1 - 0. இந்த லவெல் 2023 இறுதியாட்டத்தில் எதிரணியில் நின்று, கோலும் அடித்து, தோற்றுப்போனவர். அந்த ஆட்டத்தைத்தான் என் மாணவி பார்த்துவிட்டுப் பிந்தி வந்தாள்.

நான்கில் நான்காவது, ஆறில் ஆறாவது, எட்டில் எட்டாவது. இவ்வாறு கடைசியாக நுழைந்து மூன்று முறை வாகை சூடிய கழகம்.

இதனால் கடைசியாக வருவதே நன்று என்று யாரும் மயங்க வேண்டா. கடைசியாக நுழைந்து முதல் ஆட்டத்திலேயே விலகிய அணிகள் பல. மேலும், வரிசைக்குரிய மதிப்பையும் அமெரிக்கர் மறுக்கவில்லை. வரிசையில் முதலாவதாக வரும் அணிக்குக் கேடயம் ஒன்று தனியே உண்டு. 2025 இல் அது கன்சாஸ் அணிக்குரியது. வரிசை, நெடுங்கால உழைப்பை அளக்கும் கோல். இறுதிச் சுற்று, அந்நேரத்து நெஞ்சுரத்தை அளக்கும் கோல். ஒரு கோலால் அளந்ததை மற்றதன்மேல் ஏற்றிச் சொல்லுதல் பிழை.

அப்பிழையைச் செய்தவன் நான். அதனைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

வருகிற பரீட்சைக்கு எங்கள் மாணாக்கர் பெயரை எழுதி அனுப்புவது என் பொறுப்பு. குறித்த புள்ளியைத் தாண்டியவர் எல்லோருக்கும் பரீட்சை எழுத உரிமை உண்டு. ஆனால், தாண்டியவருள்ளும் கடைசியாக நிற்பவரை, "இம்முறை வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம்" என்று நிறுத்திவிடுவது என் வழக்கம். தேறியவர் தொகை அழகாக இருக்கவேண்டும் அல்லவா? அந்த அழகுக்காக எத்தனை பிள்ளைகளை நிறுத்தினேன் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. நிறுத்தியவருட் பலர் அடுத்த முறை வரவேயில்லை என்பது மாத்திரம் நினைவில் வந்தது.

அந்த மாணவியும் எல்லையைத் தாண்டியிருந்தாள், கடைசியாகத் தாண்டியிருந்தாள். நான்காவது அணியை, "நீ தோற்றவை மிகுதி, வராதே" என்று 2009 இல் யாரும் சொல்லவில்லை. 26 புள்ளி பெற்றவருக்குக் கதவு திறந்தது. 25 பெற்றவருக்குத் திறக்கவில்லை. விதி கடுமையானதுதான். ஆனால் விதிக்குமேல் ஒரு விதியை வாயிலில் நின்றவர் யாரும் செய்யவில்லை. நான் செய்தேன்.

மறுவாரம் பெயர்ப்பட்டியலை எடுத்தேன். அவள் பெயரை எழுதினேன். வரிசைப்படி எழுதியபடியால் அது கடைசியிலேயே நின்றது. அவள் தேறுவாளோ மாட்டாளோ, அது அவள் பாடு. எழுதவிடாமல் நிறுத்துவது என் பாடன்று.

கடை என்றால் இறுதி. கடை என்றால் வாயில். துன்பத்திலிருந்து ஒருவர் மீண்டால் 'கடைத்தேறினார்' என்கிறோம். அச்சொல்லை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் விளக்கினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.