சாமந்திக்கு நள்ளிரவில் விளக்கு ஏன்?

ஓசூர், நீலகிரிப் பக்கம் பசுமைக்குடிலில் கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்பவர்கள் நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கைப் போட்டு வைப்பார்கள். பூக்க வைக்கவா? இல்லை, பூக்காமல் இருக்க! இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு விடும். காம்பு நீளுமுன் மொட்டு வந்தால் சந்தையில் விலை போகாது. போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிடுவார்கள். தேவைப்பட்டால் மாலையிலேயே கறுப்புத் துணி போட்டு மூடுவதும் உண்டு.

நடுவில் விளக்கு எரிந்தால் ஒரு நீண்ட இரவு இரண்டு குட்டி இரவுகளாகிவிடுகிறது. செடி முக்கியமாகக் கணக்கெடுப்பது இடைவிடாத இருட்டைத்தான். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளி பட்டதும் வடிவம் மாறும். இருட்டில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். இதையும் தன் உள்கடிகாரத்தையும் வைத்தே செடி இரவை அளக்கிறது. இருட்டு போதுமானால் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டு வழியே நுனிக்குப் போய் மொட்டு விடச் சொல்கிறது. விளக்கு வெளிச்சம் விழுவது இலையில், மொட்டு நிற்பது நுனியில்!

அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும் 1920-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கெல்லாம் தொடக்கம். கோடையில் ஓங்கி வளர்ந்தும் பூக்காத புகையிலையைத் தினமும் சில மணி நேரம் கூடுதலாக இருட்டறையில் வைத்தார்கள், பூத்துவிட்டது.

நம் பழைய சம்பா ரகங்கள் பலவும் இப்படித்தான். முன்கூட்டி நட்டாலும் பகல் சுருங்கிய பிறகே கதிர் தள்ளும். குறுவை ரகங்கள் நாள் கணக்கில் விளைபவை. அவற்றுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.