கொலு பொம்மைக்கு மெல்லிய பூச்சே உழைக்கும்

நவராத்திரி நெருங்கினால் நம் மளிகைக் கடைகள் பலவற்றில் சுண்டல் சாமான்களோடு கொலு பொம்மையும் நாலு செட் வைத்து விற்பது வழக்கம். சில நாள் வியாபாரம்தான். ஆனால் பூச்சு உரிந்த பொம்மை திரும்பி வந்தால் லாபம் மட்டுமல்ல, முதலும் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் மூன்று அங்குலச் செட்டியார் செட் மொத்தமாகக் கொள்முதல் செய்தோம். பார்வைக்கு நல்ல பளபளப்பு. சில்லறைக் கடைகளில் பிரித்தபோது செட்டியார் கன்னத்தில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. தாளை இழுத்தால் சாயமும் கூடவே வந்தது. நாற்பது செட் திரும்பி வந்தன. விசாரித்ததில், சாயம் நல்ல சாயம்தான். ஏர்பிரஷ் கொண்டு ஒரே தடவையில் கனமாக அடித்து, மறுநாளே கட்டிவிட்டார்கள். மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் நின்றுவிட்டது. அதன் பிறகே பட்டறைகளில் நின்று இந்த வேலையைக் கவனித்தோம்.

ஏர்பிரஷ் என்பது பேனா போன்ற சிறு தெளிப்பான். கம்ப்ரஸர் காற்று, சாயத்தைப் பனிபோல் தெளிக்கும். சாயத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து வடிகட்ட வேண்டும். சிறு பொம்மைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். இரண்டு மூன்று அங்குலத் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். கிட்டே போனால் சாயம் வழியும். தூரம் போனால் வழியிலேயே காய்ந்து, பொம்மை மேல் மணல் மணலாக விழும்.

முதலில் மண் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதன்மேல் வெள்ளைப் பிரைமர். மஞ்சளும் சிவப்பும் அடிநிறத்தை எளிதில் மறைக்காது. பிரைமர் இல்லாவிட்டால் எத்தனை தடவை அடித்தாலும் மங்கலாகவே தெரியும். பிறகு மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்தது. முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். அவசரப்பட்டு அங்கேயே கனமாக அடித்தால்தான் கண், மூக்குச் செதுக்கல் மூடிப்போகும். சேலை மடிப்பு, மோவாய்க்கு அடியில் காற்றழுத்தத்தைக் குறைத்து, பல கோணங்களில் அடிக்க வேண்டும். மழை நாளில் கம்ப்ரஸரில் தேங்கும் தண்ணீரை வடிக்காவிட்டால் பூச்சில் புள்ளி விழும்.

பண்ருட்டியோ விளாச்சேரியோ, எந்த ஊர் சரக்கானாலும் கொள்முதலின்போது நாம் பார்க்க வேண்டியவை:

1. பொம்மையைக் கவிழ்த்து, மோவாய், அக்குள், மடிப்புகளில் மண் தெரிகிறதா என்று பாருங்கள்.

2. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் சாயம் வழிந்த தாரை தெரியும்.

3. பெருவிரலால் அழுத்துங்கள். ரேகை பதிந்தால் இன்னும் காயவில்லை.

4. ஒரு பொம்மையைத் தாளில் இறுகச் சுற்றி இரவு முழுவதும் வைத்து, காலையில் பிரித்துப் பாருங்கள். ஒட்டினால் அந்தச் சரக்கை எடுக்க வேண்டாம்.

ஆர்டரை ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் நாம் அவசரப்படுத்தினால் தொழிலாளி ஒரே பூச்சில்தான் முடிப்பார். அன்று எங்களுக்கு வந்த நஷ்டத்தில் பாதிப் பொறுப்பு, தாமதமாக ஆர்டர் கொடுத்த எங்களுடையதே.